பாரில் நடக்கும் வரப்புச் சண்டை

கொல்லிமலையின் கிழக்கு அடிவாரத்தில் பிறந்தவனுக்குக் கடலில் என்ன பிழைப்பு என்று ஊரில் இன்றும் கேட்பார்கள். துறையூர், உப்பிலியபுரம் பக்கத்து ஆட்களுக்குத் தண்ணீர் என்றால் ஏரி, கிணறு, அதற்கு மேல் போனால் புளியஞ்சோலை. நான் மன்னார் வளைகுடாவில் பவளப்பார்க் கணக்கெடுப்பில் டைவராக இருக்கிறேன். எவ்வளவு பவளம் உயிரோடு இருக்கிறது, எவ்வளவு செத்தது, என்ன மீன் எத்தனை என்று தண்ணீருக்குள் எழுதிக்கொண்டு வருவது வேலை. அந்த வேலைக்குள்ளேயே எனக்கென்று இன்னொரு வேலை மெல்ல மெல்ல அமைந்துவிட்டது. எட்டு வரி வண்ணத்துப்பூச்சி மீன் என்று ஒரு மீன். அது போடும் சண்டையைப் பார்த்துக் குறித்து வைப்பது. பார் எப்படி இருக்கிறது என்று யாராவது கேட்டால், பவளத்தின் சதவீதத்துக்கு முன்னால் இந்த மீன் சண்டை போட்டதா என்றுதான் என் குறிப்பில் தேடுவேன்.

தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே, கரையை ஒட்டி 21 தீவுகள். தூத்துக்குடிப் பக்கம் வான் தீவு, கோசுவாரி, காரியாச்சல்லி, விலாங்குசல்லி. அப்படியே வேம்பார், கீழக்கரை என்று வந்து மண்டபம் பக்கம் முயல் தீவு, மனோலி, குருசடை. இதில் விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் இப்போது கடலுக்குள். 1986இல் தேசியப் பூங்காவாகவும் 1989இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்ட இடம். 117 வகைக் கல் பவளங்கள் இங்கே பதிவாகியிருக்கின்றன. லட்சத்தீவையோ அந்தமானையோ பார்த்துவிட்டு இங்கே வருகிறவர்கள் முகம் சுருங்கும். தண்ணீர் கண்ணாடியாக இருக்காது. பார்கள் ஆழமில்லாதவை, பல இடங்களில் ஓர் ஆள், இரண்டு ஆள் மட்டம்தான். கரை பக்கத்திலேயே இருப்பதால் மண்ணும் வண்டலும் ஊர்க்கழிவும் வந்து சேரும். எட்டு வரி மீனுக்கு இந்த மாதிரி இடம்தான் பிடிக்கும். திறந்த கடலின் அலை மோதும் பாரைவிட, கரையோரத்தில் அடங்கிக் கிடக்கிற, கொஞ்சம் கலங்கல் உள்ள பாரில்தான் அது குடும்பம் நடத்தும். எங்கள் கரையோரப் பார்களின் மீன் அது.

வாடைக்காற்று ஓய்ந்து, கச்சான் எழும்புவதற்கு முன்னால் வருகிற சில வாரங்கள்தான் எங்களுக்கு நல்ல காலம். கச்சான் வீசத் தொடங்கினால் அடிமண் கிளம்பிக் கையை நீட்டினால் விரல் தெரியாது. விடிவதற்கு முன்பே வல்லம் கிளம்பிவிடும். தீவின் ஒதுக்கில் நங்கூரம் போட்டு, முதல் ஆள் இறங்கிப் பாரின் மேல் டேப்பை நேராக விரித்துக் கட்டுவார். டேப் எந்தப் பவளத்தின் மேல் போகிறது, எத்தனை சென்டிமீட்டர் என்பது ஒருவர் கணக்கு. அதே டேப்பை ஒட்டி இரண்டு பக்கமும் குறிப்பிட்ட அகலத்துக்குள் தெரிகிற மீன்களை எண்ணுவது இன்னொருவர் கணக்கு. டேப்பை விரித்த உடனே எண்ணக் கூடாது. ஆள் இறங்கிய கலவரத்தில் பாதி மீன் ஒளிந்திருக்கும், மீதி வேடிக்கை பார்க்க வந்திருக்கும். பத்துப் பதினைந்து நிமிடம் விலகியிருந்து, பார் தன் போக்குக்குத் திரும்பிய பிறகு நீந்த வேண்டும். எழுதுவது பிவிசி ஸ்லேட்டில், சாதாரண பென்சிலால். பென்சிலை நூலால் கட்டி வைக்காவிட்டால் அன்றைய வேலை அதோடு முடிந்தது.

பென்சில், டேப் எல்லாம் யாருக்கும் ஒரு வாரத்தில் பழகிவிடும். அசையாமல் இருப்பதுதான் பழக நாளாகும். நான் அதைக் கடலில் கற்றவன் இல்லை. கொல்லிமலை மேலே ஆகாயகங்கையாக விழுகிற ஐயாறுதான் பாறைகளுக்குள் இறங்கிப் புளியஞ்சோலைக்கு வருகிறது. சின்ன வயதில் அந்தக் கசங்களில் மூச்சுப் பிடித்து உட்காருவோம். மலைத்தண்ணீர், சித்திரை வெயிலிலும் பல் கிட்டும். அசையாமல் இருந்தால் குஞ்சு மீன்கள் வந்து காலைக் கொத்தும், கொஞ்சம் நெளிந்தால் போய்விடும். மேலே அறப்பளீஸ்வரர் கோயிலையொட்டிய ஆற்றில் மீன் பிடிக்கிற வழக்கமே கிடையாது. அறுத்த மீனைத் திரும்பப் பொருத்தி உயிர்ப்பித்த ஈஸ்வரன் என்பது அந்தத் தலத்தின் கதை. வருகிறவர்கள் மீனுக்குப் பொரி போடுவார்கள். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அந்த மீனைச் சாமியின் மீன் என்றே சொல்வார்கள், அதற்கு மேல் சட்டமும் வேண்டாம் காவலும் வேண்டாம். அங்கே மனிதனுக்குப் பயப்படாத மீன் எப்படி நடந்துகொள்ளும் என்று பார்த்து வளர்ந்தது கடலில் எனக்கு நிறையவே உதவியிருக்கிறது. மீன் நம்மை மறந்த பிறகு செய்வதுதான் அதன் உண்மையான நடத்தை. அதற்கு முன்னால் எழுதுகிறதெல்லாம் நம்மைப் பார்த்து அது பயந்த கணக்கு.

எட்டு வரி மீனை ஒருமுறை பக்கத்தில் பார்த்தவர்களுக்கு மறக்காது. உள்ளங்கைக்குள் அடங்கும், நன்றாக வளர்ந்தாலும் 12 சென்டிமீட்டர்தான். தட்டையான வட்ட உடம்பு. நிறம் வெள்ளையிலிருந்து இளமஞ்சள் வரை இருக்கும். அதன் மேல் பேனாவால் கோடிழுத்தது போல மெல்லிய கறுப்பு வரிகள் செங்குத்தாக இறங்கும். முதல் வரி கண்ணுக்கு மேலேயே ஓடி அதை மறைத்துவிடுவதால் எது கண் என்று எதிரிக்குச் சட்டென்று பிடிபடாது. வாய் சின்னதாகக் கூம்பி இருக்கும். உள்ளே தூரிகை மயிர் போன்ற பற்கள். அந்தப் பல்லை வைத்துத்தான் இந்தப் பேரினத்துக்கே சேட்டோடான் என்று பெயர். இந்த மீனுக்கு அறிவியல் பெயர் கொடுத்தவர் பெர்லினில் வைத்தியம் பார்த்துக்கொண்டே மீன்களைப் பற்றி எழுதித் தொகுத்த மார்க்கஸ் எலீசர் பிளாக், வருடம் 1787. அவருக்குத் தரங்கம்பாடியிலிருந்து கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் என்ற மிஷனரி மீன்களை அனுப்பிக்கொண்டிருந்தார். நாம் சந்தையில் வாங்குகிற கத்தாளை மீன்களில் ஒரு பேரினத்துக்கு ஜானியஸ் என்று பெயர் வந்தது அவரால்தான். நம் கடற்கரைக்கும் பெர்லினுக்கும் அப்போதே பாதை இருந்திருக்கிறது என்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம்.

காலை வெயில் தண்ணீருக்குள் சாய்ந்து இறங்குகிற நேரத்தில் ஒரு மேசைப் பவளத்தின் அருகே காத்திருந்தால் ஜோடி வரும். பெரும்பாலும் ஜோடிதான். ஒன்று முன்னால், ஒன்று ஒரு முழம் பின்னால். முன்னால் போவது ஒரு கிளையின் முன் நின்று, உடம்பை லேசாகச் சாய்த்து, கொத்தும். சதையில் ஒரு கிள்ளு, உடனே அடுத்த கிளை. ஒரே இடத்தில் ஊன்றித் தின்னாது. பவளத்தின் பாலிப் வாய் மூடிக்கொள்வதற்குள் எடுத்தது போதும் என்று நகரும். அதனால் பவளம் சாவதில்லை, கிள்ளிய இடம் ஆறிவிடும். பின்னால் வருவது தின்பதைவிடச் சுற்றிப் பார்ப்பதில் கவனமாக இருக்கும். கொஞ்ச நேரத்தில் இரண்டும் இடம் மாறும். நாள் முழுக்க இதே வேலை. வேறு எதையும் தின்னத் தெரியாத மீன் இது. பாசி கிடைத்தாலும் புழு கிடைத்தாலும் அதை வைத்துக் காலம் தள்ள முடியாது. உயிருள்ள பவளத்தின் சதைதான் சோறு.

வீட்டில் கடல்மீன் தொட்டி வைத்திருக்கிறவர்கள் என்னிடம் இந்த மீனைப் பற்றிக் கேட்பதுண்டு. பார்க்க லட்சணமாக இருக்கும், விலையும் மற்றவற்றைவிடக் குறைவாகச் சொல்வார்கள். வாங்க வேண்டாம் என்றுதான் எல்லோரிடமும் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். தொட்டியில் போடுகிற தீவனத்தை அது வாயில் எடுத்துத் துப்பும். சில வாரங்களில் முதுகு கத்தி போலக் கூர்மையாகும், பட்டினியில் சாகும். வளர்ப்பவரின் கைத்திறன் இங்கே எடுபடாது. பவளத்தைத் தவிர வேறு இரை அறியாத உயிரைப் பவளமில்லாத இடத்தில் வைக்கிறோம், அவ்வளவுதான்.

கணக்கெடுப்பில் புதிதாக வருகிறவர்கள் வண்ணத்துப்பூச்சி மீன் எல்லாவற்றையும் ஒரே கட்டத்தில் எழுதிவிடுவார்கள். கரையில் வண்ணாத்தி என்று பொதுவாகச் சொல்கிற பழக்கம் ஸ்லேட்டிலும் வந்துவிடுகிறது. இதை நான் விடாமல் கண்டிப்பேன். உலகத்தில் இந்தக் குடும்பத்தில் சுமார் 130 இனங்கள். நம் பார்களில் அடிக்கடி கண்ணில் படுகிறவை சில. கழுத்தில் வெள்ளைப் பட்டையும் வாலில் சிவப்பும் உள்ள கொல்லாரே கூட்டமாகத் திரியும். டெக்கஸ்ஸாட்டஸ் பின்பக்கம் கறுத்திருக்கும், அது பாசி, புழு, பவளம் என்று எது கிடைத்தாலும் தின்று சமாளிக்கும். முதுகுத்துடுப்பில் நூல் நீண்டிருக்கும் ஔரிகாவுக்குப் புழுக்களும் கடற்சாமந்திகளும் போதும். கொடி மீன் என்று சொல்லத்தக்க நீண்ட வெள்ளைத் துடுப்புள்ள ஹெனியோகஸ் தண்ணீரில் மிதக்கிற நுண்ணுயிர்களைப் பொறுக்கித் தின்னும். பவளம் அத்தனையும் செத்துப் பாசி படர்ந்த பாரில்கூட டெக்கஸ்ஸாட்டஸ் சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டி எழுதினால், பார் நாசமான வருடத்திலும் மொத்த எண்ணிக்கை அவ்வளவாக மாறாது. அறிக்கை படிக்கிறவர் நிம்மதியாகத் தூங்குவார். பவளத்தை மட்டும் நம்பியிருக்கிற இனங்களைத் தனியாக எழுதினால்தான் சேதம் தெரியும்.

இனி சண்டைக்கு வருகிறேன். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு எல்லை உண்டு. நமக்குத் தெரியாது, அவற்றுக்குத் தெரியும். ஒரு பவளத் திட்டின் இந்தப் பக்கம் ஒரு ஜோடி, அந்தப் பக்கம் ஒரு ஜோடி என்று மேய்ந்துகொண்டு வரும்போது நடுவில் சந்தித்துவிட்டால் இரண்டு பக்கமும் நின்றுவிடும். ஒன்று தலையைத் தாழ்த்தி, முதுகு முள்ளை விரித்து நிமிர்த்தி, உடம்பின் அகலம் முழுவதும் எதிரிக்குத் தெரியும்படி சாய்ந்து நிற்கும். பல நேரம் அதோடு சரி, மற்றது விலகிவிடும். விலகாவிட்டால் விரட்டல். ஒன்றின் வாலை ஒன்று குறிவைத்துக் கிளைகளுக்குள் புகுந்து பாய்வதைக் கண் தொடர முடியாது. விரட்டிய மீன் எந்த இடத்தில் சட்டென்று நின்று திரும்புகிறதோ, அதுதான் எல்லை. அந்த இடத்தை மனதில் குறித்துக்கொண்டு அடுத்த சண்டைக்குக் காத்திருந்தால், ஒரு காலைப்பொழுதில் அந்தத் திட்டின் பட்டா வரைபடமே கிடைத்துவிடும்.

இந்த மீன்களைப் பாரின் நலத்துக்கு அளவுகோலாக வைக்கலாம் என்று முதலில் அழுத்திச் சொன்னவர் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் எர்ன்ஸ்ட் ரீஸ். 1996இல் மைக்கேல் கிராஸ்பியோடு சேர்ந்து அவர் எழுதிய கையேடு எங்களைப் போன்ற கள ஆட்களுக்கென்றே எழுதப்பட்டது. அதன் தர்க்கம் எளிமையானது. பவளம் குறைந்தால் ஒரு ஜோடிக்கு வயிறு நிறைய அதிகப் பரப்பு வேண்டும். எல்லையை விரிப்பார்கள், அக்கம்பக்கத்தோடு உரசல் கூடும், சண்டை அதிகமாகும். பவளம் சாவது நம் டேப்புக்குத் தெரிவதற்கு முன்பே மீனின் நடத்தையில் அது தெரிந்துவிடும் என்பது அவர் கருத்து. இதைப் படித்த நாளிலிருந்து எண்ணிக்கையோடு சேர்த்து நடத்தையையும் எழுதத் தொடங்கினேன். மீன் எத்தனை என்பதோடு என்ன செய்துகொண்டிருந்தது என்றும் எழுதலாம் என எனக்குச் சொல்லிக்கொடுத்த புத்தகம் அது.

ஆனால் 2016 கோடை வேறு பாடம் சொன்னது. ஏப்ரல் தொடங்கிக் கடல் சூடேறியது. இங்கே தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பவளத்துக்கு ஆபத்து. பவளத்தின் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் அதற்கு நிறமும் பெரும்பகுதி உணவும் தருகிறது. சூடு ஏறினால் பவளம் அதை வெளியேற்றிவிடும், உள்ளிருக்கும் சுண்ணாம்பு எலும்பு சதை வழியே தெரிந்து வெள்ளையாகிவிடும். வெளுத்த உடனே செத்துவிட்டது என்று பொருளில்லை, சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும். 1998, 2010 என்று முன்பும் வெளுத்திருக்கிறது. 2016இல் பிழைக்காதது அதிகம். தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தின் கணக்குப்படி மன்னார் வளைகுடாவில் உயிருள்ள பவளப் பரப்பு ஏறக்குறைய 39 சதவீதத்திலிருந்து 23 சதவீதத்துக்கு இறங்கியது. அதிலும் அடி வாங்கியவை கிளைப்பவளங்களும் மேசைப் பவளங்களும். போரைட்டஸ் போன்ற குண்டுக்கல் பவளங்கள் ஓரளவு தாக்குப்பிடித்தன. எட்டு வரி மீனின் சாப்பாட்டுத் தட்டு எதுவோ அதுதான் முதலில் போனது.

அந்தக் கோடையின் பிற்பகுதியில் ஒரு நாள் நான் நெடுநேரம் மேலே வராமல் இருந்துவிட்டு வல்லத்தில் ஏறினேன். தருவைக்குளத்து அண்ணாச்சி தண்ணீர்ச் செம்பை நீட்டிக்கொண்டே கேட்டார்.

"என்ன தம்பி, வண்ணாத்தியப் போயி இம்புட்டு நேரம் பாக்கிய?"

"சண்டை போடலையே அண்ணாச்சி. ரெண்டு ஜோடி நேருக்கு நேரா வந்துச்சு, முள்ளைக்கூட தூக்கலை. ஒண்ணை ஒண்ணு பாக்காத மாதிரி போயிடுச்சு."

"சண்டை இல்லன்னா நல்லதுதான?"

நல்லதாக எனக்குத் தோன்றவில்லை. கையேட்டின்படி அங்கே சண்டை கூடியிருக்க வேண்டும். மீன்கள் இருந்தன, எண்ணிக்கையில் குறை சொல்ல முடியாது. ஆனால் கொத்துகிற வேகம் இல்லை, ஒரு திட்டிலிருந்து அடுத்ததற்கு நெடுந்தூரம் போய்க்கொண்டே இருந்தன. வெளுத்த கிளைமேல் நின்று யோசிப்பது போல நின்றுவிட்டுக் கொத்தாமல் நகர்ந்தன. ஊரை நினைத்துக்கொண்டேன். எங்கள் பக்கம் மானாவாரிக் காட்டில் மழை நன்றாகப் பெய்த வருடம்தான் வரப்புத் தகராறு வரும். ஒரு சாண் நிலத்துக்குப் பஞ்சாயத்து கூடும், தாசில்தார் ஆபீஸ் வரை போவார்கள். மழை பொய்த்த வருடத்தில் வரப்பைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். விளையாத நிலத்தில் எல்லை எங்கிருந்தால் என்ன?

இது என் மனதுக்குப் பட்ட எண்ணமாகவே இருந்திருக்கும். 2018இல் சாலி கீத் என்ற ஆய்வாளரின் குழு வெளியிட்ட கட்டுரை அதற்கு வேறு கனம் கொடுத்தது. ஜப்பான், பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, கிறிஸ்துமஸ் தீவு ஆகிய இடங்களில் 17 பார்களில், 38 வண்ணத்துப்பூச்சி மீன் இனங்களை அவர்கள் வெளுப்புக்கு முன்பே கவனித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் 2016 வெளுப்பு வந்துவிட்டது. பிறகும் அதே பார்களில் அதே முறையில் பார்த்தார்கள். இரண்டு மீன்கள் சந்திக்கும்போது மூளும் சண்டை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. சண்டை போடச் சக்தி வேண்டும், சக்திக்குச் சத்துள்ள இரை வேண்டும். ஜெயித்தாலும் கிடைக்கப்போவது வெறும் சுண்ணாம்புக் கல் என்றால் யார் சண்டை போடுவார்கள்? ரீஸ் சொன்னதும் பொய்யாகிவிடவில்லை என்றே நான் நினைக்கிறேன். பவளம் மெல்லக் குறைகிற இடத்தில், மிச்சமிருப்பது காக்கத் தகுந்ததாக இருக்கிற வரையில் உரசல் கூடலாம். ஒரேயடியாகப் போய்விட்டால் அடங்கிவிடும். அதனால் சண்டையின் அளவை ஒரு தடவை பார்த்து முடிவு கட்ட முடியாது. அதே பார், அதே மாதம், அதே நேரம் என்று வருடாவருடம் பார்த்து வந்தால்தான் அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியும்.

எண்ணிக்கை ஏன் ஏமாற்றுகிறது என்பதற்கு இன்னொரு ஆய்வு இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் வெளுப்புக்குப் பிறகு, இதே போல் பவளம் மட்டுமே தின்னும் லுனுலேட்டஸ் என்ற இனத்தை மார்கன் பிராட்செட்டும் அவர் கூட்டாளிகளும் பின்தொடர்ந்தார்கள். 2004இல் வெளியான முடிவு இது. மீன்களின் எண்ணிக்கை உடனே குறையவில்லை. விருப்பமான பவளம் போனதும் கிடைத்த மற்ற பவளத்தைக் கொத்திக்கொண்டு அங்கேயே இருந்தன. ஆனால் கல்லீரலைச் சோதித்தபோது சேமிப்பு கரைந்திருந்தது. எல்லைக்குட்பட்ட வாழ்க்கை, ஜோடி விலகாத வாழ்க்கை. இடத்தை விட்டுப் போகத் தெரியாமல் அங்கேயே நின்று மெலிகின்றன. கல்லீரலை அறுத்துப் பார்க்கும் வசதியும் அனுமதியும் என் போன்ற கள ஆளுக்கு இல்லை. தேசியப் பூங்காவுக்குள் ஒரு மீனைத் தொடவும் நான் விரும்ப மாட்டேன். அறுக்காமல் உடம்பின் நிலையை அறிய எனக்குக் கிடைத்த வழி அந்தச் சண்டைதான்.

வெளுப்பு ஒன்றே இந்தப் பார்களின் துன்பம் என்று நினைத்துவிடக் கூடாது. சுண்ணாம்புக் காளவாசலுக்காகவும் கட்டடத்துக்காகவும் பல பத்தாண்டுகள் பவளக்கல்லை வெட்டி வல்லம் வல்லமாகக் கரை சேர்த்தார்கள். 2001இல் கல் பவளங்கள் அனைத்தும் வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தன. வெட்டுவது முழுமையாக நிற்க 2005 ஆயிற்று. வெட்டிய பள்ளங்களில் இன்றும் பெரும்பாலும் உடைந்த துண்டுகள்தான். அலை உருட்டிக்கொண்டே இருப்பதால் புதுப் பவளம் பிடித்து வளர நிலையான கல் இல்லை. குருசடை பக்கம் வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாஃபைக்கஸ் பாசி பவளத்தின் மேல் ஏறி மூடியது 2008இலேயே பதிவாகிவிட்டது. கீழக்கரை, மண்டபம் பக்கத்து மீன்பிடிக் கூடுகளில் வண்ணாத்தி தானாகவே வந்து மாட்டும். கறிக்கு உதவாத மீன் என்று பெரும்பாலானவர்கள் தண்ணீரில் விட்டுவிடுவார்கள். அந்த வழக்கத்தை நான் நன்றியோடு பார்க்கிறேன். உயிரோடு விடுவதற்குக் கூடு வெயிலில் கிடக்கும் முன்பே விட வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்வேன், கேட்பார்கள்.

பார் திரும்பி வருகிறதா என்பதற்கும் இந்த மீன்தான் எனக்கு முதல் சாட்சி. அந்தி நேரத்தில் ஜோடி மேலெழும்பி முட்டையைத் தண்ணீரில் விட்டுவிடும். முட்டை மிதந்து போய், குஞ்சு திறந்த கடலில் வாரக்கணக்கில் அலையும். அந்தப் பருவத்தில் அதன் தலை முழுக்க எலும்புத் தகடு போர்த்தித் தலைக்கவசம் போட்ட மாதிரி இருக்கும். வேறொரு மீன் என்று நினைத்து அதற்கே தோலிக்திஸ் என்று தனிப்பெயர் வைத்த காலம் உண்டு. பிறகு ஓர் இரவில் ஏதோ ஒரு பாரில் இறங்கும். கிளைப்பவளத்தின் இடுக்கில் நகத்தளவுக் குஞ்சைப் பார்த்தால் இரண்டு சங்கதி தெரியும். எங்கோ தாய் தகப்பன் நன்றாக இருக்கிறார்கள். இங்கே ஒளியவும் தின்னவும் போதுமான கிளை முளைத்திருக்கிறது. வான் தீவு கரைந்துகொண்டே போவதைத் தடுக்க 2015 கடைசியிலிருந்து அங்கே ஆயிரக்கணக்கான கான்கிரீட் செயற்கைப் பார்களை இறக்கினார்கள். அவற்றில் மீன் வந்து சேர்ந்தது நான் கண்ணால் பார்த்தது, மகிழ்ச்சியும் பட்டேன். ஆனால் கான்கிரீட்டில் முதலில் குடியேறுவது கிளிஞ்சான், செப்பிலி மாதிரி மீன்கள். எட்டு வரி ஜோடி அங்கே வந்து எல்லை பிடிக்க வேண்டுமென்றால் அதன் மேல் பவளம் வளர்ந்து சதை பிடித்திருக்க வேண்டும். அதற்குக் காத்திருக்க வேண்டும்.

2024 ஏப்ரலில் உலக அளவிலான நான்காவது பவள வெளுப்பு என்று அமெரிக்கக் கடல் வளிமண்டல நிறுவனம் அறிவித்தது. லட்சத்தீவும் நம் மன்னார் வளைகுடாவும் பாக் வளைகுடாவும் அதில் வெளுத்தன. 1998க்கும் 2010க்கும் நடுவே 12 வருடம் கிடைத்தது. 2010க்கும் 2016க்கும் 6, அடுத்தது 8. ஒரு மேசைப் பவளம் நல்ல அகலத்துக்கு விரிய இந்த இடைவெளி போதாது என்பது பவளத்தோடு பழகிய எவருக்கும் தெரியும். ஆனால் எந்தப் பார் எவ்வளவு தேறியிருக்கிறது என்பதை அந்தந்தப் பாரில் இறங்கிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். மொத்த வளைகுடாவுக்கு ஒரே பதில் கிடையாது. ஒரே தீவின் கடல் பக்கமும் கரைப் பக்கமும் வேறு வேறாகப் பிழைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது என்னோடு வருகிற பிள்ளைகளின் ஸ்லேட்டில் எட்டு வரி மீனுக்குத் தனியாக நான்கு கட்டம் போட்டிருக்கிறேன்: ஜோடி, தனி, குஞ்சு, சண்டை. சண்டைக் கட்டத்துக்குள் முள் தூக்கியது ஒரு பக்கம், விரட்டியது ஒரு பக்கம். டேப் கணக்கு முடிந்த பிறகு, கண்ணில் பட்ட முதல் ஜோடியைத் தேர்ந்து பத்து நிமிடம் அதன் பின்னாலேயே போக வேண்டும். மூன்று கை தூரத்துக்குள் நெருங்கக் கூடாது, நிழல் அதன் மேல் விழக் கூடாது. கலங்கலில் ஜோடி மறைந்துவிட்டால் வேறு ஜோடியைப் பிடித்து நிமிடத்தை ஒட்டுப்போடக் கூடாது, விட்டுவிட வேண்டும். எழுதும்போது பூஜ்யத்தையும் கோட்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதில் மட்டும் நான் கறாராக இருக்கிறேன். பார்க்க முடியாமல் போனால் கோடு. பத்து நிமிடமும் கண் எடுக்காமல் பார்த்து, எதிர்ஜோடி வந்து போயும் ஒரு முள்கூட எழவில்லை என்றால் பூஜ்யம். கரைக்கு வந்ததும் பூஜ்யம் போட்ட ஸ்லேட்டைத்தான் முதலில் என்னிடம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.